வலியும் ஏக்கமும்: ஆங்கிலச் சொற்களின் பொருளும் தமிழாக்கமும்

1. முன்னுரை

தில்லியில் கரோல்பாக்கை ஒட்டிச் செல்லும் புசா ரோடு, பெயரளவிலேயே ஓர் இடப்பெயர்வின் வரலாற்றைத் தாங்கி நிற்பது. பீகார் மாநிலத்துப் புசா என்னும் ஊரில் 1905ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் சிதைவுற்றது. 1936ஆம் ஆண்டு அது தில்லிக்கு மாற்றப்பட்டபோது ஊரின் பெயரும் உடன் வந்தது. அப்பெயரே பின்னர் நிறுவன வளாகத்திற்கும் அதன் வழிச் சாலைக்கும் நிலைத்தது. இச்சாலையைச் சூழ்ந்த பகுதியில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இச்சாலையில் உள்ளது; பெரிய மருத்துவமனையும் உண்டு.

இத்தகைய சூழலில் ஒரே துன்பம் மூன்று மொழிகளில் சொல்லப்பட வேண்டியுள்ளது. வீட்டில் 'தலை வலிக்கிறது' என்னும் பிள்ளை, தெருவில் 'மேரே சிர் மே தர்த் ஹை' என்கிறது. பள்ளியில் 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்' என்கிறது. தமிழில் தலை எழுவாய். இந்தியில் தலை வலி தங்கும் இடம். ஆங்கிலத்தில் தலைவலி ஒருவர் உடைமை போன்றது. செய்தி ஒன்றாயினும், வலி எங்கே உள்ளது, யாருடையது என்பனவற்றை மூன்று மொழிகளும் மூன்று வகையாக அமைக்கின்றன.

வலியை உணர்த்தும் ஆங்கிலச் சொற்களும் ஏக்கத்தை உணர்த்தும் ஆங்கிலச் சொற்களும் எவ்வாறு பொருள் பெற்றன, அவற்றைத் தமிழில் பெயர்ப்போரும் தமிழ்ச் சொற்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போரும் எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. சொல்லுக்குச் சொல் நேர் வைப்பதைவிட, சொல் எழுந்த அடிப்படைக் கருத்தையும் அது ஏற்கும் தொடரமைப்பையும் நோக்குவதே பயன்தரும் என்பது இதன் கருத்தாகும்.

2. ஆங்கில வலிச்சொற்களின் பிறப்பு

'பெயின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்க மொழியின் 'பொய்னே' ஆகும். கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் பொருள், தண்டம் என்பன அதன் பொருள்கள். இது இலத்தீனில் 'பொயனா' எனத் தண்டனையைக் குறித்து, பழைய பிரெஞ்சு வழியாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் நுழைந்தது. தண்டனை என்னும் முதற்பொருள் இன்றும் 'ஆன் பெயின் ஆஃப் டெத்' போன்ற சட்டத் தொடரில் எஞ்சி நிற்கிறது. 'பீனல்', 'பெனால்ட்டி', 'பனிஷ்' ஆகியன இதன் உறவுச் சொற்கள். ஆங்கிலத்தில் வலி என்பது முதலில் பிறரால் இழைக்கப்படுவது. பின்னரே உடலில் தானே தோன்றும் உணர்ச்சிக்குப் பெயராயிற்று.

இதே இலத்தீன் சொல் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மற்றொரு வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்துவிட்டது. செர்மானிய மொழிகள் பண்டே கடன்கொண்ட அச்சொல்லிலிருந்து பழைய ஆங்கிலத்தில் 'பீனியன்' என்னும் வினை எழுந்தது. 'வதைத்தல்' என்பது அதன் பொருள். இச்செயப்படுபொருள் குன்றாவினை, காலப்போக்கில் செயப்படுபொருள் குன்றியதாகி 'வாடுதல், மெலிதல்' என்னும் பொருளை ஏற்றது; பின் 'ஒன்றை எண்ணி ஏங்குதல்' என்னும் பொருளுக்கு வந்து நின்றது. இதுவே இன்றைய 'பைன்'. ஊசியிலை மரத்தைக் குறிக்கும் 'பைன்' வேறொரு சொல். உடல்வலியைக் குறிக்கும் 'பெயின்', ஏக்கத்தைக் குறிக்கும் 'பைன்' ஆகிய இரண்டும் ஒரு வேரின் இரு கிளைகள் என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளத் தக்கது. வலியும் ஏக்கமும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் அயலவை அல்ல.

'ஏக்' என்பது பிறமொழிக் கலப்பற்ற பழைய ஆங்கிலச் சொல். அதன் வினைவடிவம் 'க'கர ஒலியிலும் பெயர்வடிவம் 'ச'கர ஒலியிலும் முடிந்தன. 'ஸ்பீக்' என்னும் வினைக்கு 'ஸ்பீச்' என்னும் பெயர் அமைந்தது போன்ற இணை இது. பின்னர் வினையின் ஒலிப்பே இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஆயினும் எழுத்தமைப்பு மட்டும் பெயர்வடிவத்தையொட்டி நின்றது. 1755ஆம் ஆண்டு வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இதனைக் கிரேக்கச் சொல்லொன்றோடு தவறாக இணைத்தமை அவ்வெழுத்தமைப்பு நிலைபெறக் காரணமாயிற்று. பொருள்நிலையில் 'ஏக்' என்பது மந்தமாக, விடாது நீடிக்கும் வலி. தலை, பல், வயிறு, முதுகு, காது ஆகிய சில உறுப்புகளோடு மட்டுமே அது தொகைச்சொல்லாக இயல்பாய் அமையும். கண்ணுக்கும் காலுக்கும் அவ்வாறு அமைவதில்லை. இதயத்தோடு சேரும்போது 'ஹார்ட்ஏக்' உடல்நோயைக் குறிக்காமல் மனத்துயரைக் குறிக்கிறது.

மனத்துயரை உணர்த்தும் ஏனைய சொற்களும் உடலுணர்வின் அடியாகப் பிறந்தவையே. 'கிரீஃப்' என்பது இலத்தீனில் பளுவைக் குறிக்கும் 'கிராவிஸ்' என்பதிலிருந்து வந்தது. துயர் ஒரு சுமை. 'ஆங்க்விஷ்' என்பது குறுகிய இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. துயர் ஒரு நெருக்கம். மார்பு இறுகுவதைக் குறிக்கும் 'ஆஞ்சைனா' என்னும் மருத்துவச் சொல்லும் இதனோடு வேரால் உறவுடையது. 'சாரி', 'சாரோ' என்னும் இரண்டும் ஒரு வேரினவாகத் தோன்றினும் அவ்வாறல்ல. முன்னது புண்ணைக் குறிக்கும் 'சோர்' என்பதிலிருந்தும், பின்னது கவலையைக் குறிக்கும் 'சோர்க்' என்பதிலிருந்தும் தோன்றின. ஒலி ஒப்புமை பொருளையும் நெருங்கச் செய்துவிட்டது.

3. 'லாங்கிங்': நீளுதலும் ஏங்குதலும்

ஏக்கத்தைக் குறிக்கும் 'லாங்கிங்' என்னும் சொல்லுக்கு அடிப்படை, நீளத்தைக் குறிக்கும் 'லாங்' என்பதே. பழைய ஆங்கில வினையாகிய 'லங்கியன்' என்பதற்கு 'நீளுதல்' என்றும் 'ஏங்குதல்' என்றும் பொருள் உண்டு. விரும்பியது வந்து சேரும்வரை காலம் நீள்வதாக உணர்தலே ஏக்கம் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. செர்மன் மொழியில் சலிப்பைக் குறிக்கும் சொல்லும் 'நீண்ட பொழுது' என்னும் கருத்தினடியாகவே அமைந்துள்ளது. பிரிவில் பொழுது நீள்வதைத் தமிழ் அகப்பாடல்கள் விரிவாகப் பேசுகின்றன. திருக்குறளில் 'பொழுதுகண்டிரங்கல்' என ஓர் அதிகாரமே உண்டு. ஆங்கிலம் அக்கருத்தை ஒரு சொல்லின் உள்ளே வைத்துள்ளது.

இவ்வினையின் தொடரமைப்பு மேலும் கருதத்தக்கது. இன்று 'ஐ லாங்' என ஏங்குவோர் எழுவாயாக நிற்கின்றனர். பழைய ஆங்கிலத்தில் அவ்வாறில்லை. ஏங்குவோரைக் குறிக்கும் சொல் வேற்றுமை ஏற்று, 'மே லங்கத்' என நின்றது. தமிழில் அதனை ஏறத்தாழ 'எனக்கு ஏக்கமாகிறது' எனலாம். 'ஐ திங்க்' என்பதன் அருகே நெடுங்காலம் வழங்கிய 'மீதிங்க்ஸ்' என்பதும் 'எனக்குத் தோன்றுகிறது' என்னும் அமைப்பே. 'லைக்' என்னும் வினையும் முன்னர் 'எனக்குப் பிடிக்கிறது' என்னும் அமைப்பிலேயே வழங்கிற்று. இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் வேற்றுமையுருபுகள் தேய்ந்து, சொல்நிற்கும் இடமே எழுவாயைக் காட்டும் நிலை ஏற்பட்டது. அப்போது இவ்வமைப்புகள் படிப்படியாக மறைந்தன. உணர்ச்சிக்கு ஆட்பட்டவர் உணர்ச்சியைச் செய்பவராக இலக்கணத்தில் மாறினார்.

தமிழில் இவ்வமைப்பு மறையவில்லை. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு வலிக்கிறது', 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என உணர்வோர் நான்காம் வேற்றுமையில் நிற்க, வினை அஃறிணை ஒருமையில் முடிகிறது. இந்தியிலும் 'முஜே' என்னும் வடிவம் இதே பணியைச் செய்கிறது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இந்திய மொழிகளுக்கிடையே காணப்படும் பொதுமைகளுள் இதுவும் ஒன்று. எமனோ 1956ஆம் ஆண்டு இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் காட்டியதன் பின், மாசிகா 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இவ்வமைப்பு உரிய இடம் பெற்றது. 1990ஆம் ஆண்டு வர்மாவும் மோகனனும் பதிப்பித்த தொகுதி முழுமையும் இதனைப் பற்றியதே.

'ஐ மிஸ் யூ' என்னும் தொடரைத் தமிழாக்குவதில் நேரும் இடர்ப்பாடு இங்கே விளக்கம் பெறுகிறது. 'மிஸ்' என்பதன் முதற்பொருள் குறி தவறுதல். இருக்க வேண்டியது இல்லாதிருப்பதை உணர்தல் என்பது பிற்பொருள். இந்தியில் 'யாத் ஆ ரஹீ ஹை' என, நினைவு தானே வருகிறது. தமிழில் 'உன் நினைவாகவே இருக்கிறது' என்பது அதற்கு ஒத்தது. இதனினும் பொருத்தமான வழக்கொன்று பேச்சுத்தமிழில் உண்டு. 'பிள்ளைக்கு அம்மாவைத் தேடுகிறது' என்னும்போது தேடுபவர் எவருமில்லை. தேடல் பிள்ளைக்கு நேர்கிறது. உயர்திணை எழுவாய் ஏற்று நிற்கும் 'தேடு' என்னும் வினை, இங்கே நான்காம் வேற்றுமையோடு அஃறிணை முடிபு கொள்கிறது. ஆங்கிலம் இழந்துவிட்ட 'மே லங்கத்' என்னும் அமைப்புக்கு நேரான தமிழ்த்தொடர் இதுவே எனலாம். அகராதியில் 'தேடு' என்னும் தலைப்பின்கீழ் இப்பொருளை நாடுவோர் அரியர். ஆயினும் மொழிபெயர்ப்பாளருக்கு இது பெருந்துணை.

4. நோயாகக் கருதப்பட்ட ஏக்கம்

'நாஸ்டால்ஜியா' என்பது மக்கள் வழக்கில் பிறந்த சொல்லன்று. 1688ஆம் ஆண்டு யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில் இதனைப் படைத்தார். வீடு திரும்புதலைக் குறிக்கும் 'நோஸ்டோஸ்', வலியைக் குறிக்கும் 'ஆல்கோஸ்' என்னும் இரு கிரேக்கச் சொற்களின் இணைப்பு இது. தாயகம் விட்டு அயலிடம் சென்றோருக்கு ஏற்படும் மெலிவை அவர் நோயாகவே வகைப்படுத்தினார். அயல்நாட்டுப் படைகளில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து வீரர்களோடு அந்நோய் பின்னர்ப் பெரிதும் தொடர்புபடுத்தப்பட்டது. செர்மன் மக்கள் வழக்கிலிருந்த 'ஹைம்வே' என்னும் சொல்லின் பொருளே இதற்கு அடிப்படை. அதே செர்மன் சொல்லின் தழுவலாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'ஹோம்சிக்னெஸ்' தோன்றியது.

இரு சொற்களும் ஒரு பொருளில் தொடங்கிப் பின்னர்ப் பிரிந்தன. 'ஹோம்சிக்னெஸ்' இடத்தைப் பற்றிய ஏக்கமாகவே நின்றது. 'நாஸ்டால்ஜியா' மருத்துவத்தை விட்டு நீங்கி, இருபதாம் நூற்றாண்டில் கடந்த காலத்தைப் பற்றிய இனிய ஏக்கமாயிற்று. எனவே முன்னதற்கு 'ஊரேக்கம்' என்பதும் பின்னதற்கு 'நினைவேக்கம்' என்பதும் பொருந்தும். தில்லி வாழ் தமிழர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் சென்றுவந்தால் ஊரேக்கம் தணியக்கூடும். அவர் இளமையில் கண்ட ஊர் அங்கே இல்லாமற்போனால் நினைவேக்கம் மிகும். இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பில் காப்பது இன்றியமையாதது.

5. தமிழின் பழஞ்சொற்கள்

ஏக்கத்தை நோயாகக் கருதும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. சங்க இலக்கியத்திலும் குறளிலும் 'நோய்' என்பது பிணியையும் காதல் துயரையும் ஒருங்கே குறிக்கும். தொல்காப்பிய உரியியல் 'பையுள்', 'சிறுமை' என்னும் சொற்களுக்கு நோய் எனப் பொருள் கூறுகிறது. இக்காலத்தில் 'நோய்' பிணிக்கே உரியதாகிவிட்டது. ஈழத்தமிழில் 'கால் நோகிறது', 'நோ' என உடல்வலிப் பொருள் உயிரோடுள்ளது. தமிழகத்தின் பொது வழக்கில் 'நோதல்' பெரும்பாலும் 'மனம் நோக' என்னும் தொடரிலேயே எஞ்சியுள்ளது. ஒரு சொல் இரு நிலங்களில் உடலுக்கு ஓரிடத்தும் மனத்துக்கு ஓரிடத்துமாகச் சாய்ந்திருக்கிறது.

உரியியல் பொருள் கூறும் வேறு சில சொற்களும் இங்குக் கருதத்தக்கன. 'படர்' என்பதற்கு நினைத்தல், செல்லுதல் என இரு பொருள் கூறப்படுகிறது. பிரிந்தவரிடம் நினைவு செல்லுதலே ஏக்கமாகிறது. 'படர்மெலிந்திரங்கல்', 'தனிப்படர்மிகுதி' என்னும் குறள் அதிகாரத் தலைப்புகளில் இச்சொல் இப்பொருளில் நிற்கிறது. இதனை 'லாங்கிங்' எனப் பெயர்த்தால் காலநீட்சி என்னும் அயற்கருத்து புகும். 'பைன்' எனப் பெயர்த்தால் மெலிவு புகும். அத்தலைப்பில் மெலிவு தனிச்சொல்லாக வருவதால் பின்னது கூறியது கூறலாகும்.

'புலம்பு' என்பதற்குத் தனிமை எனப் பொருள் கூறப்பட்டுள்ளது. இன்று அது வாய்விட்டு அரற்றுதலைக் குறிக்கிறது. தனித்திருப்போர் செய்யும் செயல், தனிமையின் பெயரைப் பெற்றுக்கொண்டது. 'நினைந்தவர்புலம்பல்' போன்ற தலைப்பைப் பெயர்க்குங்கால் பழம்பொருளையும் பிற்பொருளையும் இணைத்தே எண்ணுதல் வேண்டும். 'வெம்மை' என்பதற்கு விருப்பம் என்னும் பொருள் கூறப்பட்டமையால், சங்கப் பாடலில் 'வெய்ய' என வருமிடமெல்லாம் வெப்பம் எனக் கொள்ளலாகாது. 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம், எனப் பொருள் கூறப்படுகிறது. இன்றைய பொருளோ நம்பிக்கை. 'பசப்பு' நிறத்தைக் குறிப்பது. ஏக்கத்தால் மேனியில் தோன்றும் நிறமாற்றத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லாமையின், மொழிபெயர்ப்பாளர் வெளிறலையோ நோயையோ சுட்டும் சொல்லொன்றைத் தேர வேண்டியவராகின்றனர்.

'வலி' என்னும் சொல்லில் எச்சரிக்கை மிகவும் வேண்டும். பழந்தமிழில் அது ஆற்றலையே சிறப்பாகக் குறிக்கும். 'வலியறிதல்' என்னும் குறள் அதிகாரம் ஆற்றலறிதலைப் பற்றியது. உடல்வலிப் பொருள் இன்று முதன்மை பெற்றுவிட்டதால், பழைய பனுவலில் அப்பொருளை ஏற்றிப் படித்தல் பிழையாகும்.

6. உடலிலிருந்து உள்ளத்துக்கு

உடல்வலியின் வகைகளைத் தமிழ் பெரும்பாலும் வினைகளால் வேறுபடுத்துகிறது. கால் உளைகிறது, கடுக்கிறது, காது குடைகிறது, விலா குத்துகிறது, புண் எரிகிறது, காந்துகிறது, கண் கரிக்கிறது, உறுத்துகிறது, வயிறு முறுக்குகிறது, நரம்பு சுண்டி இழுக்கிறது, கட்டி 'விண்விண்' என்று தெறிக்கிறது. ஈழத்தில் தலைவலி 'தலையிடி' எனவும் வயிற்றுவலி 'வயிற்றுக்குத்து' எனவும் வலியின் தன்மையாலேயே பெயர் பெறுகின்றன.

ஆங்கிலத்தில் இதற்கொத்த பணியைப் பெயரடைகள் செய்கின்றன. மெல்சாக்கும் டார்கர்சனும் 1971ஆம் ஆண்டு வலியை விளக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தினர். அதன் வழி 1975ஆம் ஆண்டு மெல்சாக் வெளியிட்ட மக்கில் வலி வினாப்படிவத்தில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அமைக்கப்பட்டன. புலனுணர்வைக் கூறுவன, மனநிலையைக் கூறுவன, கடுமையை மதிப்பிடுவன என அவை பிரியும். வலி ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் 1979ஆம் ஆண்டு அளித்து 2020ஆம் ஆண்டு திருத்திய வரையறையும், வலியைப் புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவமாகவே கொள்கிறது.

தமிழ் வலிவினைகளின் தனித்தன்மை, அவற்றின் தொழிற்பெயர்கள் உள்ளத்துக்கு மாறும்போது தத்தம் வழியே மாறுவதாகும். 'உளைச்சல்' மனத்தோடு சேர்ந்து தீராத சஞ்சலமாகிறது. 'குடைச்சல்' பிறர் தரும் தொல்லையாகிறது. 'குத்தல்' பேச்சின் தன்மையாகிறது. 'உறுத்தல்' மனச்சான்றுக்கு உரியதாகிறது. 'எரிச்சல்' சினத்தின் தொடக்கமாகிறது. இவை அனைத்தையும் 'மனவலி' என்னும் ஒரு சொல்லால் நிரப்புவது, 'பெயின்' என்பதன் நிழலில் தமிழைக் குறுக்குவதாகும்.

7. மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகள்

உடலுறுப்போடு சேர்ந்த தொகைகளிலேயே பெரும்பிழைகள் நேர்கின்றன. 'ஹார்ட்பர்ன்' என்பது இதயத்தைப் பற்றியதன்று. உணவுக்குழாயில் அமிலம் ஏறுவதால் உண்டாவது. 'நெஞ்செரிச்சல்' அதற்கு ஏற்ற சொல். ஆனால் இந்திய ஆங்கில நாளிதழ்களில் அரசியற் செய்திகளில் வரும் 'ஹார்ட்பர்ன்' மனக்கசப்பைக் குறிப்பது. அவ்விடத்தில் 'நெஞ்செரிச்சல்' எனல் நகைப்புக்கிடமாகும். 'மனக்கசப்பு', இடம் நோக்கி 'வயிற்றெரிச்சல்' எனல் வேண்டும். மறுதலையாக, தமிழர் 'வயிற்றெரிச்சல்' எனக் கூறுவது பொறாமையோ பறிகொடுத்த ஆற்றாமையோ ஆகும். செரிமானக் கோளாறு அன்று. உடற்கோளாற்றைக் கூற விரும்புவோர் 'வயிறு எரிகிறது' என வினையாகக் கூறுவதே பெரும்பான்மை. தொகை உள்ளத்துக்கும் தொடர் உடலுக்குமாக ஒரே சொற்கள் பிரிந்து நிற்கின்றன.

மருத்துவமனையில் மொழிபெயர்த்து உதவுவோருக்கு இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. 'நெஞ்சு வலிக்கிறது', 'நெஞ்சு கரிக்கிறது', 'நெஞ்சை அடைக்கிறது', 'நெஞ்சைப் பிசைகிறது' என்னும் நான்கையும் 'செஸ்ட் பெயின்' என்றே பெயர்த்தால், மருத்துவர் வேறுபடுத்தி அறிய வேண்டிய செய்தி மொழிபெயர்ப்பில் அழிந்துவிடும். 'கரிக்கிறது' எரிச்சலையும், 'அடைக்கிறது' இறுக்கத்தையும் சுட்டும். 'பிசைகிறது' உடலையும் குறிக்கலாம், மனத்துயரையும் குறிக்கலாம். இத்தகைய இடத்தில் சொன்னவரின் வினையைக் காத்து, அதன் தன்மையை விளக்கிக் கூறுவதே நெறி. நாட்பட்ட நோய்களில் முதுமக்கள் கூறும் சொல் வட்டார வழக்காகவும் இருக்கலாமாதலின், உறுப்பைத் தொட்டுக்காட்டச் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுதல் நன்று.

இலக்கிய மொழிபெயர்ப்பில் சிக்கல் வேறு வகையினது. ஆங்கிலப் புதினத்தின் 'ஹார்ட்ஏக்' தமிழில் 'நெஞ்சுவலி' ஆகுமாயின் பாத்திரம் நோயாளியாகிவிடும். 'ஷி யேர்ன்ட்' என வருமிடத்தில் 'அவள் ஏங்கினாள்' என்பது போதுமானதாகத் தோன்றும். 'யேர்ன்' விருப்பத்தின் முனைப்பைச் சுட்டுவது. 'ஏங்கு' என்பதோ ஒலித்தல், அழுதல், வாடுதல் ஆகிய பொருள்களையும் தன்னுட் கொண்டது. 'பிள்ளை ஏங்கிப்போயிற்று' என்னும் வழக்கில் விருப்பத்தைவிட மெலிவே மேலோங்கி நிற்கிறது. எனவே இடம் நோக்கி 'யேர்ன்' என்பதற்குத் 'தவித்தல்', 'துடித்தல்', 'நாடுதல்' ஆகியவற்றையும், 'பைன்' என்பதற்கு 'ஏங்கி மெலிதல்', 'வாடுதல்' ஆகியவற்றையும் கொள்ளலாம்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆங்கிலமும் தமிழும் வலியையும் ஏக்கத்தையும் ஒருகாலத்தில் ஒரு வேரினாலோ ஒரு சொல்லினாலோ உணர்த்திப் பின்னர்ப் பிரித்துக்கொண்டன. பிரிந்த இடங்கள் வேறு வேறானமையால் அகராதி நேர்ச்சொற்கள் முழுமையாகப் பொருந்துவதில்லை. இரண்டாவது, ஆங்கிலத்தில் தண்டனை, பளு, நெருக்கம், நீளம் என்னும் கருத்துகளும் தமிழில் தனிமை, நினைவின் செலவு, நிறம், வெம்மை என்னும் கருத்துகளும் இச்சொற்களின் அடியில் உள்ளன. மொழிபெயர்ப்பில் எக்கருத்து மேலெழ வேண்டும் என்பதை இடமே முடிவு செய்யும். மூன்றாவது, உணர்வோரை எழுவாயாக்கும் இன்றைய ஆங்கிலத் தொடரைத் தமிழில் அப்படியே பெயர்க்காமல், நான்காம் வேற்றுமை அமைப்பில் தருவதே பெரும்பாலும் இயல்பாகும்.

புசா ரோட்டுப் பள்ளியில் பயிலும் பிள்ளை மூன்று மொழிகளையும் கலந்து 'அம்மாவை மிஸ் பண்றேன்' எனக் கூறுவதைப் பிழையெனத் தள்ளுதல் எளிது. 'அம்மாவைத் தேடுகிறது' என்னும் தொடர் அப்பிள்ளையின் வீட்டிலேயே பாட்டியின் வாய்மொழியாக உயிரோடிருக்கக்கூடும். அத்தொடரை அகராதியிலும் பாடநூலிலும் மொழிபெயர்ப்பிலும் இடம்பெறச் செய்வது மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய கடமையாகும்.